பராமரிப்பு நிதியைக் காக்கச் சட்டமன்ற உறுப்பினர்களை அணுகுவது எப்படி: குமரி மாவட்டப் பராமரிப்பாளர் சங்கங்களுக்கு ஒரு கையேடு

எங்கள் சங்கம் முதன்முதலாக ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுத்த மனுவில் பதினான்கு கோரிக்கைகள் இருந்தன. ஹோம் நர்ஸ் பெண்களுக்கு நல வாரிய அட்டை, படுத்த படுக்கையாக இருப்பவர்களின் உதவித்தொகை உயர்வு, வீடு தேடிவரும் பாலியேட்டிவ் (வலி தணிப்புப் பராமரிப்பு) செவிலியருக்கு வண்டி, முதியோர் இல்ல ஆயாக்களுக்கு ஊதியம் என்று மனத்தில் இருந்ததையெல்லாம் நான்கு பக்கங்களில் கொட்டியிருந்தோம். உறுப்பினரின் நேர்முக உதவியாளர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, “அக்கா, இதை நான் எந்தத் துறைக்கு அனுப்பட்டும்?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அது ஏப்ரல் மாதம். அந்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அதற்கு முன்பே தாக்கலாகிவிட்டிருந்தது. ஏழு வாரம் கழித்து, மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது என்று ஒற்றை வரிக் கடிதம் ஒன்று வந்தது.

அந்த மனுவில் இரண்டு பிழைகள் இருந்தன: காலம் தப்பிக் கொடுத்தோம், யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் கொடுத்தோம். அதே பிழைகளை மற்றவர்களும் செய்யாதிருக்க, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். வீடுகளில் தங்கிப் பார்க்கும் ஹோம் நர்ஸ்கள், முதியோர் இல்லப் பணியாளர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள், சம்பளமே இல்லாமல் தாயையோ கணவரையோ பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டார் ஆகிய எல்லோரையும் பராமரிப்பாளர் என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறேன்.

பணம் எப்போது முடிவாகிறது

சட்டமன்ற உறுப்பினரால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை முதலில் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். அரசியலமைப்புச் சட்டத்தின் 203-ஆவது பிரிவின்படி, ஒரு மானியக் கோரிக்கையை, அதாவது ஒரு துறையின் ஆண்டுச் செலவுக்காக அரசு பேரவையிடம் பணம் கேட்பதை, பேரவை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்டித் தர அதற்கு அதிகாரம் இல்லை. ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் எந்த மானியக் கோரிக்கையையும் அவையில் வைக்கவும் முடியாது. ஆகவே, வரவு செலவுத் திட்டம் தாக்கலான பிறகு உறுப்பினரிடம் சென்று “கூடுதலாக ஒதுக்கித் தாருங்கள்” என்று கேட்பது, சமையல் முடிந்து பந்தி பரிமாறும் நேரத்தில் உலையில் அரிசி கூடப் போடச் சொல்வதைப் போன்றது. துறைத் தலைவர்கள் அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளைத் தயாரித்து நிதித் துறையோடு பேசிக்கொண்டிருக்கும் மாதங்களில்தான், அதாவது ஏறக்குறைய செப்டம்பரிலிருந்து வடகிழக்குப் பருவமழை முடியும் வரையிலான காலத்தில்தான், ஓர் உறுப்பினரின் கடிதம் அமைச்சரின் மேசையில் பயன்படும்.

தேதிகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தமிழ்நாட்டின் வரவு செலவுத் திட்டம் 2023-இல் மார்ச் 20 அன்றும், 2024-இல் பிப்ரவரி 19 அன்றும், 2025-இல் மார்ச் 14 அன்றும் தாக்கலானது. அதைத் தொடர்ந்துதான் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும். 2024-இல் நாடாளுமன்றத் தேர்தலின் காரணமாக அந்த விவாதம் ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போனது. சட்டமன்றத் தேர்தல் வரும் ஆண்டில் கணக்கே மாறிவிடும். 2021-இல் பிப்ரவரி 23 அன்று இடைக்கால வரவு செலவுத் திட்டமும், புதிய அரசு அமைந்த பின் ஆகஸ்ட் 13 அன்று திருத்திய வரவு செலவுத் திட்டமும் தாக்கலாயின. அப்படிப்பட்ட ஆண்டில், பதவியேற்புக்கும் திருத்திய திட்டத்துக்கும் இடைப்பட்ட இரண்டு மூன்று மாதங்கள் சங்கத்துக்குக் கிடைத்தற்கரிய வாய்ப்பாகும். மாலை போடுவதோடு அந்தச் சந்திப்பை முடித்துக்கொள்ளும் சங்கங்களைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

இங்கே ஓர் ஒப்பீடு உதவும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே 2019-இல் சட்டம் இயற்றி, 2023 ஜூலை முதல் ஊழியர்களின் சம்பளத்தில் 0.58 விழுக்காட்டைப் பிடித்துத் தனி நிதியாகச் சேர்க்கிறார்கள். விருப்பமுள்ளவர் மட்டும் அதில் சேர்ந்தால் போதும் என்று மாற்றும் முன்மொழிவு ஒன்று 2024 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, பராமரிப்பாளர்களின் தொழிற்சங்கம் அதை எதிர்த்துப் பிரசாரம் செய்தது. வாக்காளர்களும் அதை நிராகரித்தார்கள். அவர்களுக்குக் காப்பாற்றச் சட்டம் ஒன்று இருந்தது. நம்மிடம் அப்படித் தனி நிதி ஏதும் இல்லை. நான்கு துறைகளின் ஆண்டுக் கணக்கில் ஆங்காங்கே சில வரிகளாகத்தான் நம் பணம் கிடக்கிறது. அதனால் ஒருமுறை வென்றுவிட்டு ஓய்வெடுக்க நமக்கு வழியில்லை, ஆண்டுதோறும் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

எந்தக் கதவு

நேர்முக உதவியாளர் கேட்ட கேள்விக்கு இப்போது எங்களிடம் பதில் உண்டு. வீட்டுக்கு வரும் மருந்து, பாலியேட்டிவ் செவிலியர், இயன்முறை மருத்துவர் ஆகியவை 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வருவதால், அவை மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கை எண் 19-ஐச் சேர்ந்தவை. முதியோர் இல்லங்கள் சமூக நலத்துறையின் எண் 45-இல் அடங்கும். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள், தசைச்சிதைவு நோயாளிகள், கடும் உடல் பாதிப்புடையோர் முதலியவர்களின் பராமரிப்பு உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் எண் 52-ஐச் சேர்ந்தது. நல வாரியப் பதிவும் தொழிலாளர் பயன்களும் தொழிலாளர் நலத்துறையின் எண் 32-இல் வருகின்றன. ஒவ்வொரு துறைக்கும் தனி மனு எழுத வேண்டும். ஒரு மனுவில் ஒரு துறைக்கான ஒரே கோரிக்கை மட்டும் இருக்க வேண்டும். நான்கு மனுக்களையும் ஒரே நாளில் கொடுப்பதில் தவறில்லை.

யாருடைய பணம் என்பதையும் பிரித்தறிய வேண்டும். தேசிய சுகாதாரக் குழுமத்தின் வழியே வரும் நிதியில் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40 விழுக்காடு. முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு மத்திய அரசு தருவது மாதம் 200 ரூபாய்தான். 2023-இல் மொத்தத் தொகை 1,200 ரூபாயாக உயர்ந்தபோது, எஞ்சிய 1,000 ரூபாயையும் மாநில அரசே ஏற்றது. இதைத் தெரியாமல் மாநில அமைச்சரைக் குறை கூறினால், அவர் தில்லியைக் கைகாட்டிவிட்டு எழுந்துவிடுவார். மத்தியப் பங்கைப் பற்றிய கோரிக்கையை நாடாளுமன்ற உறுப்பினரிடம் தனியாகக் கொண்டுசெல்லுங்கள்.

இன்னொரு தவறான கதவையும் சொல்லியாக வேண்டும். தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறதே, அதிலிருந்து செவிலியரை நியமிக்கலாமே என்று நம் கூட்டங்களில் யாராவது ஒருவர் கேட்காமல் இருந்ததில்லை. அந்த நிதி கட்டடம், கருவி போன்ற நிலைத்த சொத்துகளுக்கானது. மாதச் சம்பளம் அதிலிருந்து வராது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தேவையான கருவி எதையாவது கேட்பதென்றால் அங்கே கேட்கலாம்.

ஓசையில்லாமல் நடக்கும் வெட்டு

பராமரிப்பு நிதியைக் குறைக்கிறோம் என்று எந்த அரசும் அவையில் எழுந்து அறிவிப்பதில்லை. ஒரு செவிலியர் பணியை விட்டுப் போவார், அந்த இடம் எட்டு மாதம் காலியாகக் கிடக்கும், ஆண்டு முடிவில் அந்தச் சம்பளப் பணம் செலவாகாத பணமாகக் கணக்கில் ஏறும், அடுத்த ஆண்டின் மதிப்பீட்டைச் செலவான தொகையை வைத்துப் போட்டுவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிதானது. நிதித் துறையின் இணையதளத்தில் கிடைக்கும் மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்பின் கீழும் முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு ஆகியவை அருகருகே அச்சிடப்பட்டிருக்கும். திருத்திய மதிப்பீடு முதல் மதிப்பீட்டைவிடக் குறைந்திருந்தால் அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போடுங்கள். சங்கத்தில் கணக்குப் படித்த பெண் ஒருவர் இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலை இது.

சென்னையின் புத்தகத்தில் நம் மாவட்டத்தின் நிலை தெரியாது. அதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய விண்ணப்பத்தில், அகஸ்தீஸ்வரம், இராஜாக்கமங்கலம், தோவாளை, குருந்தன்கோடு, தக்கலை, திருவட்டாறு, கிள்ளியூர், முஞ்சிறை, மேல்புறம் ஆகிய ஒன்பது வட்டாரங்களிலும் பாலியேட்டிவ் செவிலியர், இயன்முறை மருத்துவர் பணியிடங்கள் எத்தனை அனுமதிக்கப்பட்டன, எத்தனை நிரப்பப்பட்டுள்ளன, எந்தத் தேதியிலிருந்து எவை காலியாக உள்ளன, கள வண்டி சென்ற ஆண்டில் மாதவாரியாக எத்தனை நாள் ஓடியது என்று கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். “ஏன் நிரப்பவில்லை” என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் கேள்விகளுக்கு, அது தகவல் ஆகாது என்று பதில் எழுதிவிடுவார்கள். எண்ணையும் தேதியையும் மட்டும் கேட்டால் தப்பிக்க இடமிருக்காது. செப்டம்பர் மனுவுக்கு இந்தப் பதில் கையில் இருக்க வேண்டுமென்றால், விண்ணப்பத்தை ஜூலையிலேயே அனுப்பிவிட வேண்டும்.

ஒரு வீட்டின் ஒரு நாள்

மனுவோடு இணைக்க வேண்டியது ஒரே ஒரு தாள். அந்தத் தாளில் ஒரு வீட்டின் ஒரு நாளை எழுதுங்கள். இந்த ஆலோசனையை எங்களுக்குத் தந்தவர் ஓய்வுபெற்ற ஓர் அரசு அலுவலர். “புள்ளிவிவரம் எல்லார் கையிலேயும் இருக்கும்மா, வீடு உங்க கையிலேதான் இருக்கு” என்றார்.

நாங்கள் எழுதியது குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு வீடு. தென்னையிலிருந்து விழுந்து தண்டுவடம் முறிந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அப்படியென்றால் ஒரு நாளில் பன்னிரண்டு முறை, அவற்றில் நான்கு முறை இரவு உறக்கத்தின் நடுவில். மனைவி விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். அவர் மூன்றரை மணிக்கு எழுந்து, கணவரைப் பக்கம் மாற்றி, சிறுநீர்ப் பையை வடித்து, அளவைச் சுவரில் மாட்டிய நாட்காட்டியில் குறித்துவிட்டு, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். அடுத்த புரட்டலுக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதால் பாதி மரங்களைத்தான் வெட்ட முடிகிறது. சிறுநீர்க் குழாய் மாற்றச் செவிலியர் வரும் நாள் தவறினால், ஆட்டோ பிடித்து அவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தூக்குவதற்கு இரண்டு ஆண்கள் தேவை, அவர்களுக்கும் அன்றைய கூலி போய்விடும். இத்தகையவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. முப்பது நாளுக்குப் பிரித்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 67 ரூபாய்க்கும் குறைவு.

இவ்வளவுதான் அந்தத் தாள். அடைமொழிகள் வேண்டாம். கண்ணீர், அவலம், கொடுமை போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். நாட்காட்டியில் குறித்த அளவுகள் போதும். வீட்டாரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் பெயரோ படமோ சேர்க்கக் கூடாது. ஒப்புதல் கிடைத்தாலும் படுக்கையில் கிடப்பவரின் படத்தைச் சேர்க்க நான் விரும்புவதில்லை.

தொகுதிக்கேற்ப வீட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நம் மாவட்டத்தில் கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் என ஆறு தொகுதிகள் உள்ளன. பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்துக்கு அப்பால் படகில் போய்ச் சேர வேண்டிய காணிப் பழங்குடியினர் குடியிருப்பின் கதையை நாகர்கோவில் மாநகரின் உறுப்பினரிடம் சொன்னால் அவர் அனுதாபத்தோடு கேட்பார், அதற்குமேல் ஒன்றும் நடக்காது. அவரிடம், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்க, மாடி வீட்டில் ஒரு ஹோம் நர்ஸின் கையை மட்டுமே நம்பியிருக்கும் எண்பது வயது தம்பதியரைப் பற்றிப் பேசுங்கள். கிள்ளியூர், குளச்சல் கடலோரத்துக்குக் கடலோர வீடு ஒன்றை எழுதுங்கள்.

விளவங்கோட்டிலும் கிள்ளியூரிலும் கேரளத்தைப் பற்றிய பேச்சு தானாகவே வரும். கேரளம் 2008-இலேயே பாலியேட்டிவ் பராமரிப்புக்கெனக் கொள்கை வகுத்து, உள்ளாட்சிகளின் மூலம் வீட்டுப் பராமரிப்பை நடத்துவதை எல்லையோரக் களியக்காவிளைக்காரர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். இந்த ஒப்பீட்டை ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லி நிறுத்துங்கள். நீட்டினால், சென்னையில் படிப்பவருக்கு அது புகார் போலத் தோன்றிவிடும்.

சந்திப்பு

பேரவை நடக்கும்போது உறுப்பினர்கள் சென்னையில் இருப்பார்கள். சுசீந்திரம் தேரோட்டம், கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டு மாசிக் கொடை ஆகிய நாட்களை ஒட்டி ஊரில் இருப்பார்கள் என்றாலும், திருவிழாக் கூட்டத்தில் மனு நீட்டுவது வீண். அந்த வாரத்தில் தொகுதி அலுவலகத்தில் சந்திக்க முன்கூட்டியே நேரம் கேட்டு வையுங்கள். மூன்று பேர் போனால் போதும்: பணி செய்யும் பராமரிப்பாளர் ஒருவர், வீட்டார் ஒருவர், சங்கப் பொறுப்பாளர் ஒருவர். முதலில் பேச வேண்டியவர் வீட்டார். ஒப்பந்தத்தில் பணிபுரியும் செவிலியரையோ தன்னார்வலரையோ முன்னால் நிறுத்தாதீர்கள். அவர்களுடைய பணி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதை நாம் மறந்துவிடக் கூடாது. நாற்பது பேர் கொடியோடு போவதற்கு வேறு நாள் இருக்கிறது. அதற்குக் காவல் துறையின் அனுமதி வாங்க வேண்டும்.

பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு பேசுங்கள். தாளைக் கையில் கொடுத்து, வீட்டார் அதைத் தம் வாயால் சொல்லி முடித்ததும், ஆளுங்கட்சி உறுப்பினராக இருந்தால் துறை அமைச்சருக்கு அவருடைய கடிதத்தாளில் ஒரு கடிதம் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் வரைவையும் தட்டச்சு செய்து கொண்டுபோங்கள். எதிர்க்கட்சி உறுப்பினரிடம் கேட்க வேண்டியவை வேறு: மானியக் கோரிக்கையின்போது நூறு ரூபாய்க்கான அடையாள வெட்டுத் தீர்மானம், நட்சத்திரக் குறியிட்ட வினா (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டியது), கவன ஈர்ப்புத் தீர்மானம். வெட்டுத் தீர்மானம் என்ற பெயரைக் கேட்டு நம் சங்க உறுப்பினர்களே ஒருமுறை பதறிப்போனார்கள்; அது ஒதுக்கீட்டில் உள்ள குறையைப் பேசுவதற்கான வாசலே தவிர, நம் பணத்தில் அதனால் ஒரு ரூபாயும் குறையாது. வினாவையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். “குமரி மாவட்டத்தில் அனுமதிக்கப்பட்ட பாலியேட்டிவ் செவிலியர் பணியிடங்கள் எத்தனை, அவற்றுள் காலியானவை எத்தனை, அவற்றை நிரப்ப அரசு ஆவன செய்யுமா?” என்ற அளவில் இருந்தால் போதும்.

வெளியே வருமுன் மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் பெறுவதற்கு மறக்கக் கூடாது. அதே மனுவின் இன்னொரு படியைத் திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால், ஒரு பதிவு எண்ணும் கிடைக்கும். அமைச்சர் அறிக்கை கேட்கும்போது மாவட்ட சுகாதார அலுவலரின் மேசையில் அந்தக் காகிதம் ஏற்கெனவே இருக்கும்.

அவைக்குப் பின்

பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வருமுன் நாளிதழ்களில் அறிவிப்பு வெளியிட்டு மனுக்களைக் கேட்கும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சேர்ந்ததாக, நெடுங்காலம் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. வேலைவாய்ப்பு, முதியோர் ஓய்வூதியம், பட்டா, அரசுப் பணியாளரின் பணிக் குறை, நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு ஆகியவற்றை அது எடுத்துக்கொள்ளாது. ஆகவே, எங்கள் ஊதியத்தை உயர்த்துங்கள் என்ற மனு அங்கே முதல் பார்வையிலேயே தள்ளுபடியாகும். இந்த வட்டாரத்தில் இத்தனை மாதமாகப் பாலியேட்டிவ் சேவை கிடைக்கவில்லை என்று எழுதினால் விசாரணைக்கு ஏற்க வாய்ப்பிருக்கிறது.

முதியோர் இல்லங்களைப் பற்றி எழுதுவோர் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 19-ஆவது பிரிவைப் படித்துவிட்டு எழுதுங்கள். மாவட்டத்துக்குக் குறைந்தது ஒன்று, ஒவ்வொன்றிலும் ஆதரவற்ற 150 பேருக்குக் குறையாமல் இடம் என்று அது பேசினாலும், மாநில அரசு அவற்றை அமைக்க “லாம்” என்றுதான் சொல்கிறது. அந்த ஒற்றைச் சொல்லைக் கவனியாமல், சட்டப்படி அமைத்தே தீர வேண்டும் என்று எழுதியதால் ஒரு மனு முழுவதும் மறுக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அமைச்சர் அவையில் “பரிசீலிக்கப்படும்” என்றோ “நடவடிக்கை எடுக்கப்படும்” என்றோ சொன்னால், அந்தச் சொற்களைத் தேதியோடு அப்படியே எழுதி வையுங்கள். அவையில் தரப்பட்ட உறுதிமொழிகள் நிறைவேறினவா என்று பார்ப்பதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அதுவும் மாவட்டங்களுக்கு ஆய்வுக்கு வருவதுண்டு. வரும்போது, உறுதிமொழி தந்த தேதி, வினா எண், இன்றைய காலிப் பணியிட எண்ணிக்கை ஆகிய மூன்றும் அடங்கிய அரைப் பக்கத் தாள் நம் கையில் இருந்தால், அதிகாரிகள் அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் சங்கத்தில் இதற்கென நீல அட்டை போட்ட கோப்பு ஒன்று இருக்கிறது. அதன் முதல் தாளில் ஜூலை முதல் வாரம் தகவல் விண்ணப்பம், செப்டம்பரில் ஆறு உறுப்பினர்களுக்கும் முதல் மனு, ஜனவரியில் நினைவூட்டல் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவரின் கையெழுத்தையும் வாங்கியிருக்கிறோம்.